ஆடிஷனா, ஓப்பன் மைக்கா?

விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் சென்னை சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கிறான். வாரத்தில் ஒரு ராத்திரி, ஆழ்வார்பேட்டையோ அடையாறோ, எங்கே ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்து மேடை ஏறிப் பேசலாம்) நடந்தாலும் பஸ் பிடித்து வந்துவிடுவான். ஐந்து நிமிஷம் பேசுவான், கடைசி பஸ்ஸில் திரும்புவான். அவன் சித்தப்பா குரலில் பேச ஆரம்பித்தால் கூடம் அதிரும். போன மாதம் அவனுடைய வீடியோ ஒன்று ஒரு சேனல்காரர் கண்ணில் பட்டு, காமெடி நிகழ்ச்சி ஆடிஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் ஒரு மூத்த காமெடியனும் கூப்பிட்டிருக்கிறார். அவர் ஊர் ஊராகப் போகிற ஷோக்களில், அவர் மேடை ஏறுவதற்கு முன்னால் இவன் பத்து நிமிஷம் பேச வேண்டும். மூன்று மாதத்துக்கு எல்லா சனி, ஞாயிறும் அதற்கே போய்விடும். சேனலின் ஷூட்டிங்கும் சனி, ஞாயிறுதான். "அண்ணே, எதுக்குப் போகட்டும்?" என்று கேட்டான்.

நான் இரண்டு பக்கமும் அடிபட்டவன். ஒரு டி.வி. காமெடி நிகழ்ச்சிக்குப் போட்டியாளராகப் போய் மூன்றாவது ரவுண்டில் வெளியே வந்தேன். வந்த கையோடு அதே மாதிரி இன்னொரு நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்து மூன்று வருஷம் ஓட்டினேன். அப்புறம் ஆறு வருஷமாக மேடை. பகலில் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் டி.வி. அங்கே எல்லாவற்றையும் நிமிஷத்தால்தான் அளப்பார்கள். ஒரு போட்டியாளருக்கு நாலிலிருந்து ஆறு நிமிஷம் கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் புதுசாக வேண்டும். கெட்டப் ரவுண்ட், சினிமா ரவுண்ட், ஜோடி ரவுண்ட் என்று தலைப்பு கொடுத்துவிடுவார்கள். நீ யார், எந்த ஊர், உனக்கு எதன் மேல் கோபம் என்பதெல்லாம் அந்தத் தலைப்புக்குள் அடங்கினால் சரி, அடங்காவிட்டால் வெளியே வைத்துவிட்டு வரவேண்டும். ஒரு தடவை ஒளிபரப்பானால் அந்தச் சரக்கு முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்ட ஜோக்கை மறுபடி யாரிடம் போய்ச் சொல்வது? பத்து வாரம் தாக்குப்பிடித்தால் ஐம்பது நிமிஷம் கரைந்திருக்கும். மேடைக்காரனுக்கு ஐம்பது நிமிஷம் என்பது ஒரு முழு ஷோ. அதைச் சேர்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இதை வெறும் கணக்காகச் சொன்னால் புரியாது. ஒரே ஒரு ஜோக்கை எடுத்துக்கொள்வோம்.

என்னிடம் ஒரு ரேஷன் கடை ஜோக் இருக்கிறது. கைரேகை மெஷினில் அப்பத்தாவின் கட்டை விரல் பதியவில்லை, அவ்வளவுதான் விஷயம். முதல் ராத்திரி சொன்னபோது மொத்தமே அரை நிமிஷம். "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சே ரேகை தேஞ்சு போச்சு" என்று முடித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒரு அம்மா "பாவம்" என்றார். எங்கள் தொழிலில் 'பாவம்' கெட்ட வார்த்தை. அடுத்த வாரம் அப்பத்தாவைப் பாவப்பட்டவளாக விடாமல் கோபக்காரி ஆக்கினேன். கடைக்காரர் "கையைத் துடைச்சிட்டு வைங்க பாட்டி" என்கிறார். வைக்கிறாள், விழவில்லை. "அடுத்த விரல்." விழவில்லை. பத்து விரலும் தீர்ந்துபோகிறது. "அறுபது வருஷமா இந்தக் கையாலதான் சோறு போட்டிருக்கேன், ஒரு பய நீ யாருன்னு கேட்டதில்ல. ரெண்டு கிலோ சீனிக்கு இந்த டப்பா கேக்குது பாரு!" இங்கே நல்ல சிரிப்பு விழுந்தது. ஆனாலும் இதற்குப் பின்னால் இன்னொரு வரி இருக்கிறது என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பதினோராவது தடவை, சேலத்தில், முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் வாயில் தானாக வந்தது: "கடைசியில எங்க தாத்தா போய் வெச்சாரு. டக்குன்னு விழுந்துச்சு. அறுபது வருஷமா ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத கை!"

அன்றைக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அரை நிமிஷமாக இருந்தது இப்போது ஐந்து நிமிஷம். அந்தத் தாத்தாவை எனக்குக் கொடுத்தது சேலத்துப் பெரியவரின் விரல். என் மேஜையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் பத்து வருஷமானாலும் கிடைத்திருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சேனலின் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். இதே ஜோக்கைச் சொன்னேன். "சூப்பர் சார், ஆனா ஒரு சேலை கட்டிக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார்கள். கட்டினேன். தெர்மாகோலில் ஆள் உயரத்துக்கு ஒரு ரேகை மெஷின் செய்து வைத்திருந்தார்கள். விரல் வைத்ததும் ஷாக் அடித்து விழ வேண்டுமாம். விழுந்தேன். எடிட்டிங்கில் ஒன்றரை நிமிஷமாகச் சுருங்கியது. தாத்தா வெட்டுப்பட்டுவிட்டார், நீளம் இடிக்கிறதாம். நான் ஒரு வரி முடித்து நிறுத்தின இடத்திலெல்லாம் ஜட்ஜுகள் சிரிக்கிற ஷாட்டும் 'டொய்ங்' சத்தமும் வந்து உட்கார்ந்திருந்தன.

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒளிபரப்பான மறுநாள் காலையில் ஊரிலிருந்து இருபது போன். பத்து வருஷமாகப் பேசாத மாமா பேசினார். ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவும் ஒரு கல்லூரி ஆண்டு விழாவும் அந்த ஒன்றரை நிமிஷத்தால் வந்தன. மேடையில் ஆறு வருஷத்தில் தேடிக்கொண்ட பெயரை விட அந்தத் தெர்மாகோல் மெஷின் தேடித் தந்த பெயர் பெரிசு. ஆனால் அடுத்த மாதம் கோயம்புத்தூர் மேடையில் "ரேஷன் கடையில..." என்று தொடங்கியதுமே பின்னாலிருந்து ஒரு பையன், "ஷாக் அடிக்கிற பாட்டிதானே?" என்றான். தாத்தாவைக் கொண்டுவர அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது பணம். ஓப்பன் மைக்கில் காசு கிடையாது. பேர் கொடுத்து, வரிசைக்குக் காத்திருந்து, ஐந்து நிமிஷம் பேச வேண்டும். கடைசி ஒரு நிமிஷம் இருக்கும்போது பின்னாலிருந்து போன் டார்ச்சைக் காட்டுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மற்ற காமெடியன்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், உதட்டுக்குள் தங்கள் வரிகளை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த படி, நாலு பேர் சேர்ந்து போடும் டிக்கெட் ஷோ. எண்பது நாற்காலி, தலைக்கு 250 ரூபாய் என்று வையுங்கள். ஐம்பது நிறைந்தால் 12,500. அறை வாடகை, டிக்கெட் விற்கும் தளத்தின் பங்கு, போஸ்டர், மைக் எல்லாம் போக மிஞ்சுவதை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நல்ல சாப்பாடும் ஆட்டோவும். தனி ஷோ போட்டு அரங்கம் நிறைகிற நாள் வரை இந்தக் கணக்கு மாறாது. அதுவரை ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்னோ, சிறுசேரிச் சம்பளமோ வேண்டும்.

இந்த நிலைமை இங்கே மட்டும் இல்லை. ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் 'காமெடி ஸ்டோர்' என்ற பேர்போன கிளப்பில், வந்து பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் காசே தர மாட்டார்கள். 'வாய்ப்புதானே சம்பளம்' என்பதுதான் வாதம். 1979-இல் காமெடியன்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஒரு தடவை மேடை ஏறினால் 25 டாலர் என்று முடிவானது. அங்கே ஓசியில் பேசுவதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஜானி கார்சன் நடத்திய ராத்திரி டி.வி. நிகழ்ச்சிக்கு ஆள் பார்க்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்வார்கள். கார்சன் முன்னால் ஐந்தாறு நிமிஷம் பேசி, அவர் கையசைத்துப் பக்கத்து சோபாவுக்குக் கூப்பிட்டுவிட்டால் மறுநாள் முதல் வாழ்க்கையே வேறு. ஆக மேடை பள்ளிக்கூடமாக இருந்தது, டி.வி. பரீட்சையாக இருந்தது.

டி.வி.யில் போட்டியாளனாக இருக்கும் காலத்தில் பணம் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் காலத்தில் போக வரச் செலவும் சாப்பாடும்தான். காசு முகம் பதிந்த பிறகு வெளியிலிருந்து வரும்: கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி விழா, கடை திறப்பு, துபாய், சிங்கப்பூர் ஸ்டார் நைட். இந்த மேடைகளில் ஒரு மணி நேரம் அழகாகக் கதை சொல்லுகிறவனை யாரும் கேட்பதில்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு பக்கம் குழந்தை அழும்போது, பதினைந்து வினாடிக்கு ஒரு தடவை சிரிக்க வைக்க வேண்டும். மிமிக்ரி அதற்குத்தான் பிறந்தது.

இந்த டி.வி., மேடைச் சண்டை, ஸ்டாண்ட்-அப் (தனியாக மைக் முன்னால் நின்று சிரிக்கப் பேசுவது) என்ற சொல் இங்கே வந்ததற்கு முந்தியது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் வருகிறவர் பபூன். வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ, கதை தொடங்குமுன் தனியாக நின்று பேசி, பாடி, கூட்டத்தைக் கட்டிப்போடுவது அவர் வேலை. ஊர் மாறும், சரக்கில் பெரும்பகுதி மாறாது. ஆலங்குடியில் சிரித்தவர்கள் மேலூருக்கு வந்து "இதைக் கேட்டாச்சு" என்று சொல்லப்போவதில்லை. ஒரு நல்ல அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கப் பிழைக்கலாம். அமெரிக்காவின் பழைய வாட்வில் (பாட்டு, ஆட்டம், சிரிப்பு எல்லாம் கலந்த நிகழ்ச்சி) மேடைக்காரர்களும் இப்படித்தான், பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தை வருஷக்கணக்கில் ஊர் ஊராகச் சுமந்தார்கள். ரேடியோவும் டி.வி.யும் வந்ததும் அந்தப் பன்னிரண்டு நிமிஷம் ஒரே ராத்திரியில் தீர்ந்தது.

இந்த விஷயத்தில் பட்டிமன்றக்காரர்கள்தான் புத்திசாலிகள் என்பேன். சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், திண்டுக்கல் ஐ. லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாரதி பாஸ்கர் வங்கியில் வேலை பார்த்தவர். கையில் மாதச் சம்பளம் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டி.வி.யில் வருவார்கள், மற்ற நாளெல்லாம் ஊர் ஊராக மேடை. டி.வி.க்கு அவர்கள் கொடுத்தது கொஞ்சம். அது திருப்பிக் கொடுத்தது வருஷம் முழுக்க நிறைந்த டைரி. லியோனிக்கு அதற்கும் முன்னாலேயே கேசட் அந்த வேலையைச் செய்தது. டீக்கடையில் கேட்டுவிட்டு, ஆளை நேரில் பார்க்க வந்தார்கள். அவர்களை ஸ்டாண்ட்-அப் காமெடியன் என்று சொன்னால் இரண்டு தரப்பும் கோபித்துக்கொள்ளும். மைக் முன்னால் தனியாக நின்று ஐந்நூறு பேரைச் சிரிக்க வைப்பதற்கு வேறு பேர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

மேடையிலிருந்து நேராக சினிமாவுக்குப் போன வழியும் இருந்தது. விவேக் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சென்னை ஹியூமர் கிளப்பில் பேசிக்கொண்டிருந்தவர். அங்கிருந்த அறிமுகத்தில்தான் கே. பாலசந்தரிடம் போய், 1987-இல் திரையில் வந்தார். அப்போது நடுவில் சேனல் என்ற ஒன்று இல்லை. 2005-இல் விஜய் டி.வி.யில் 'கலக்கப்போவது யாரு' வந்த பிறகு அந்தச் சாலையில் ஒரு சுங்கச்சாவடி முளைத்தது. வடக்கே ஸ்டார் ஒன்னில் 'கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' தொடங்கியதும் அதே வருஷம். சன் டி.வி.யில் 'அசத்தப்போவது யாரு' வந்தது. கோயில் திருவிழாவிலும் ஆர்க்கெஸ்ட்ரா இடைவேளையிலும் குரல் செய்துகொண்டிருந்தவர்களுக்கு முதல் முறையாக ஒரு விலாசம் கிடைத்தது. மேலெல்லாம் வெள்ளிச் சாயம் பூசி இயந்திர மனிதன் போல ஆடிக்கொண்டிருந்த சங்கர், ரோபோ சங்கர் ஆனார். பட்டிமன்றம் பேசிக்கொண்டிருந்த அறந்தாங்கி நிஷாவை ஊருக்கெல்லாம் தெரிந்ததும் இந்த வழியில்தான். அந்த நிகழ்ச்சிகளில் பெண் பாத்திரம் என்றால் ஆண் சேலை கட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. நிஷா மாதிரி ஒருவர் வந்து நின்றது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் தம்பி கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. சிவகார்த்திகேயன் 'கலக்கப்போவது யாரு' மேடையில் மிமிக்ரி செய்து ஜெயித்தார். அடுத்து தொகுப்பாளர். 2012-இல் கதாநாயகன். வடக்கே கபில் சர்மா 2007-இல் லாஃப்டர் சேலஞ்ச் பட்டம் வென்றார், 2013-இல் தன் பெயரிலேயே நிகழ்ச்சி, 2024-இல் நெட்ஃபிளிக்ஸ். இரண்டு பேரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். டி.வி.யில் ஜெயித்த காமெடியனுக்கு டி.வி. தருகிற பதவி உயர்வு, தனியாக நின்று பேசுகிற வேலையிலிருந்து வெளியே கொண்டுபோகிறது. தொகுப்பாளர், ஹீரோவின் நண்பன், ரியாலிட்டி ஷோ, அப்புறம் ஹீரோ. அது தப்பு என்று சொல்லவில்லை, எனக்குக் கிடைத்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். ஆனால் மைக் முன்னால் நிற்பதுதான் பிடிக்கும் என்கிறவனுக்கு டி.வி. வாசலில் மேலே போகிற படி அதிகம், உள்ளேயே இருக்கிற படி குறைவு.

மேடையில் பதவி உயர்வு என்பது இன்னும் பெரிய மேடை. அலெக்ஸாண்டர் பாபு அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர். விட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஆர்மோனியமும் இளையராஜா, எம்.எஸ்.வி. பாட்டும் சிறுவயசுக் கதையும் சேர்த்து ஒரு நீண்ட ஷோவைக் கட்டினார். ஊர் ஊராகப் போட்டுப் பழுத்த பிறகு 2019-இல் அது அமேசான் பிரைமில் வந்தது. அரவிந்த் எஸ்.ஏ. அதில் 2017-லேயே வந்தார், அவர் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். 2020-இல் 'காமிக்ஸ்தான்' என்ற ஸ்டாண்ட்-அப் போட்டி நிகழ்ச்சி தமிழில் வந்தபோது பிரவீன் குமாரும் கார்த்திக் குமாரும் ஜட்ஜுகளாக உட்கார்ந்தார்கள், இரண்டு பேரும் மேடைக்காரர்கள். இந்த ஓ.டி.டி.யை டி.வி.யில் சேர்ப்பதா மேடையில் சேர்ப்பதா என்று கேட்டால், சரக்கைத் தீர்ப்பதில் அது டி.வி.தான். வந்த மறுநாளிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தை டிக்கெட் போட்டு விற்பது கஷ்டம். ஒரே வித்தியாசம், தாத்தாவை வெட்ட மாட்டார்கள்.

அமெரிக்கக் காமெடியன் ஜெர்ரி சைன்ஃபெல்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெயரிலேயே ஓடிய அமெரிக்கத் தொடர் 1989-இல் தொடங்கி 1998-இல் முடிந்தது. உச்சத்தில் இருக்கும்போது அவரே போதும் என்று நிறுத்தினார். அந்த வருஷம் ஆகஸ்டில் நியூயார்க் பிராட்வே மேடையில் நின்று, அதுவரை தன்னிடம் இருந்த ஜோக்குகளை எல்லாம் டி.வி. நேரலையில் கடைசியாக ஒரு தடவை சொல்லித் தீர்த்தார். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அந்த ஜோக்குகளுக்கு ஒரு சவப்பெட்டி வைத்துத் துக்கம் கேட்கிற காட்சிகூட உண்டு. அதன் பிறகு சின்ன கிளப்புகளுக்குப் போய், கையில் தாளோடு, புதுசாக ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று சேர்க்கத் தொடங்கினார். உலகத்துக்கே தெரிந்த முகம், ஆனாலும் வரி நினைவுக்கு வராமல் மேடையில் திணறினார். முகத்துக்காக விழும் சிரிப்பு சில நிமிஷம்தான் தாங்கும், அதற்குமேல் ஜோக் வேண்டும். அவரிடம் அதைச் செய்கிற பழக்கம் இருந்தது, ஏனென்றால் டி.வி.க்கு முன்னாலேயே வருஷக்கணக்கில் மேடையில் நின்றவர். டி.வி.யிலேயே பிறந்தவனுக்குத் திரும்பிப் போக ஒரு கிளப் இருக்காது.

சுதந்திரம் பற்றி எல்லோரும் மேடைக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். டி.வி.யில் சாதி, சாமி, கட்சி எதையும் தொட முடியாது, விளம்பரதாரர் விற்கிற சோப்பைக்கூடத் தொட முடியாது. 1993-இல் அமெரிக்கக் காமெடியன் பில் ஹிக்ஸ் பேசியதை டேவிட் லெட்டர்மேனின் ராத்திரி டி.வி. நிகழ்ச்சியில் படம்பிடித்த பிறகு மொத்தமாக எடுத்துவிட்டார்கள். சில மாதத்தில் அவர் புற்றுநோயில் இறந்தார். 2009-இல் லெட்டர்மேன் அவருடைய அம்மாவை வரவழைத்து மன்னிப்புக் கேட்டு அதை ஒளிபரப்பினார். ஆனால் டி.வி.யில் வெட்டுகிறவர் உன்னைக் காப்பாற்றவும் செய்கிறார் என்பது மேடைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வடக்கே காமெடியன் முனாவர் ஃபரூக்கியை 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் மேடையிலிருந்து கைது செய்தார்கள். சொல்லாத ஜோக்குக்காக என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறை. அப்புறம் அவருடைய ஷோக்கள் வரிசையாக ரத்தாயின. அவர் எங்கே போனார்? டி.வி. பாணி ரியாலிட்டி ஷோவுக்கு. 2022-இல் ஒன்று ஜெயித்தார், 2024 ஜனவரியில் ஹிந்தி பிக் பாஸ் பட்டம். 2025 மார்ச்சில் இன்னொரு காமெடியன் குணால் கம்ராவின் ஒரு வீடியோவுக்காக, அதைப் படம்பிடித்த மும்பை அரங்கத்தையே அடித்து நொறுக்கினார்கள். அவர் தமிழ்நாட்டில் குடியிருந்ததால் முன்ஜாமீனுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வந்தார். மேடையில் யாரும் உன்னைத் தடுக்க மாட்டார்கள். அப்புறம் நடப்பதற்கு நீயே பொறுப்பு, கூடவே வாடகைக்கு இடம் கொடுத்த பாவமும்.

வீட்டு மரியாதை என்று ஒன்று இருக்கிறது, இதை யாரும் எழுதுவதில்லை. பெண் பார்க்கப் போகும்போது "டி.வி.ல வர்ற பையன்" என்றால் அடுத்த தட்டு பஜ்ஜி வரும். "ஓப்பன் மைக் பண்றாரு" என்றால் "அது சரி தம்பி, வேலை?" என்று வரும். எனக்கு இரண்டாவதுதான் வந்தது.

சரி, தம்பிக்கு என்ன சொல்வது? என் அளவுகோல் இப்படி. உன் சிரிப்பு இன்னொருவர் குரலிலிருந்து, உடம்பிலிருந்து, வேஷத்திலிருந்து வருகிறதென்றால் டி.வி.தான் இடம். யோசிக்காதே, வயசு இருக்கும்போதே போ. அந்தத் திறமைக்குக் கேமரா வேண்டும், கெட்டப் வேண்டும், ஒரே நாளில் பத்து ஊர் உன்னைப் பார்க்க வேண்டும். ஒரு குரல் எத்தனை தடவை செய்தாலும் தேயாது, விஷயத்தை மாற்றினால் போதும். சிரிப்பு உன் வீட்டிலிருந்து, நீ பார்த்ததிலிருந்து, நீ நிறுத்தி நிதானமாகச் சொல்வதிலிருந்து வருகிறதென்றால் அதை நாலு நிமிஷமாக வெட்டி விற்காதே. குறைந்தது நாற்பது நிமிஷம் சேரும் வரை சேனல் பக்கம் போகாதே. பாதியில் போனால் இருப்பதும் கரையும், புதுசாகச் சேர்க்க வார இறுதியும் இருக்காது. வேலையை மட்டும் எந்தப் பக்கம் போனாலும் விடாதே, பட்டிமன்றக்காரர்கள் விடவில்லை.

பேசுவதைவிட அளந்து பார்ப்பது நல்லது என்று, அவனிடம் இருக்கிற எல்லாவற்றையும் போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். போன வாரம் ராத்திரி பன்னிரண்டரைக்கு அனுப்பினான், பின்னால் கம்பெனி பஸ் சத்தம் கேட்கிறது. பதினொன்றரை நிமிஷம் வந்தது. அதில் நாலரை நிமிஷம் சித்தப்பா குரல்: சித்தப்பா பேங்குக்குப் போனால், சித்தப்பா கிரிக்கெட் கமென்ட்ரி சொன்னால். மிச்சம் ஏழு நிமிஷம், அவன் அம்மா தீப்பெட்டி ஒட்டப் போன கதை. அதில் சிரிப்பு இன்னும் சரியாக உட்காரவில்லை, இரண்டு இடத்தில் 'பாவம்' வருகிறது, ஆனால் அந்த மாதிரி ஏழு நிமிஷம் நான் இந்த ஊர் ஓப்பன் மைக்கில் கேட்டதில்லை.

போன் போட்டேன். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆடிஷனுக்குப் போ, எடுத்தால் மூத்தவரிடம் இந்தத் தடவை முடியாது என்று நேரில் போய்ச் சொல்லிவிடு, எத்தனை வாரம் ஓடுகிறதோ ஓடட்டும் என்றேன். அம்மா கதையை மட்டும் எந்த ரவுண்டிலும் எடுக்காதே, எலிமினேஷன் அன்றைக்குக்கூட எடுக்காதே.

"அண்ணே, கடைசி ரவுண்டுல சென்டிமென்ட் கேப்பாங்களே?"

"அதுக்கும் சித்தப்பாவையே அழ வை" என்றேன்.